கழுத்தில் ஒரு சதுரம்

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கூட்டம் நடந்தது. மனுஷ டாக்டர்களும் மாட்டு டாக்டர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து காசநோயைப் பற்றிப் பேசினார்கள். என் காலத்தில் இந்த இரண்டு கூட்டத்தாரும் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டுமென்றால் யாராவது ஒரு டாக்டர் வீட்டு நாய்க்கு உடம்பு சரியில்லாமல் போக வேண்டும். இப்போது ஒரே தட்டில் பிஸ்கட் எடுக்கிறார்கள். சந்தோஷமாக இருந்தது.

எங்கள் மருந்தகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர் பொண்ணு என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார். "மம்சாபுரத்துக் கதையைச் சொல்லுங்க சார், பத்து நிமிஷம்" என்றார். பத்து நிமிஷம் என்று கேட்டதும் என் மனைவி சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கிவிட்டது. அவள் சிரித்ததுதான் சரி. என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொள்ளும்போது கதையில் நான் இன்னும் ராஜபாளையத்தையே தாண்டியிருக்கவில்லை. மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டது. நானும் அதைத் தேடிப் போகவில்லை. ராஜபாளையம் கால்நடை மருந்தகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். பயிற்சி என்று தனியாக ஒன்றும் கிடையாது. முதல் வருஷம் மாடு உதைத்தது. இரண்டாம் வருஷம் எங்கே நின்றால் உதைக்காது என்று தெரிந்தது. எங்கள் ஊர் வெள்ளை நாய்களுக்கு ஊசி போடும்போது நாயைப் பார்க்கக் கூடாது, கொண்டுவந்தவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றும், அவர் "கடிக்காதுய்யா" என்று சொன்னால் இரண்டடி பின்னால் போய்விட வேண்டும் என்றும் மூன்றாம் வருஷம் கற்றுக்கொண்டேன். என் இடது முழங்கையில் இருக்கும் தழும்பு அதற்கு முந்தைய பாடம்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஜனங்கள் சொல்வதை எழுதி வைப்பேன். மாட்டுப் பதிவேட்டின் முன்பக்கங்களில் மாடுகள் இருக்கும், கடைசிப் பக்கங்களில் மனிதர்கள் இருப்பார்கள். "எம் புருசனுக்குக் காய்ச்சல்னா கசாயம், மாட்டுக்குக் காய்ச்சல்னா ஆட்டோ" என்று செட்டியார்பட்டியில் ஒரு அம்மா சொன்னது அதில் இருக்கிறது. ஒரு தடவை தணிக்கைக்கு வந்த அதிகாரி பதிவேட்டைப் பின்னாலிருந்து திறந்துவிட்டார். அரை மணி நேரம் படித்தார். முன்பக்கத்தைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

எங்கள் டாக்டரின் பெயர் வேங்கடபதி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஒல்லி, முழுக்கைச் சட்டை, எந்த வெயிலிலும் கைப்பொத்தானைக் கழற்ற மாட்டார். அவரிடம் ஒரு விசேஷம். மாடுகளிடம் மரியாதையாகப் பேசுவார், எங்களிடம் பேச மாட்டார்.

"வாங்கம்மா. செத்த நேரம் நில்லுங்க. சின்ன ஊசிதான், எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று மாட்டிடம் சொல்வார். அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, "ஏலே வேலு, என்னலே வேடிக்கை பாக்க, கொம்பைப் புடிலே" என்பார்.

ஒரு நாள் தைரியம் வந்து கேட்டுவிட்டேன். "சார், மாட்டுக்கு நீங்க, எனக்கு ஏலேயா?"

"அது நம்மகிட்ட கேட்டு வரலைலே. நீ எழுதிக் குடுத்து வேலைக்கு வந்தவன்" என்றார்.

இதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

காசநோய்ச் சோதனை அவருக்குப் பூஜை மாதிரி. மாட்டின் கழுத்தில் இடது பக்கம், நடுவில், ஒரு தீப்பெட்டி அளவுக்கு முடியை நான் மழிக்க வேண்டும். சதுரம் கோணலாக இருந்தால் திட்டுவார். "மாடு கண்ணாடி பாக்காதுங்கிற தைரியமாலே?" என்பார். பிறகு அந்த இடத்துத் தோலை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து, நண்டுக் கொடுக்கு மாதிரி ஒரு அளவுகோலால் தடிமனை அளப்பார். சாதாரணமாக ஏழு மில்லிமீட்டர், எட்டு இருக்கும். அளந்த இடத்தில் தோலுக்குள்ளேயே, சதைக்குப் போகாமல், துளி மருந்து. ஊசி சரியாகப் போனால் தோலில் மிளகளவுக்கு ஒரு மேடு தெரியும். அதை விரல் நுனியால் தடவிப் பார்த்து, "நன்றிம்மா" என்பார். மாட்டிடம்தான்.

மூன்று நாள் கழித்து வந்து அதே இடத்தை மறுபடி அளப்பார். நோய் இல்லாத மாட்டுக்குத் தோல் பழையபடி இருக்கும். உடம்புக்குள் கிருமியை வைத்திருக்கும் மாட்டுக்கு அந்த இடம் வீங்கியிருக்கும். நாலு மில்லிமீட்டருக்கு மேல் ஏறியிருந்தால் பேச்சே இல்லை. வெளியே பார்த்தால் அந்த மாடு கொழுகொழுவென்று இருக்கும், வாளி நிறையப் பால் கறக்கும்.

காதில் மஞ்சள் வில்லை மாட்டி எண் போடுவது அப்போது எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. பதிவேட்டில் நான் நிறத்தையும் கழுத்துச் சதுரத்தையும் எழுதுவதோடு சரி. அதுதான் என் தலையில் விடிந்தது.

ஒரு நாள் காலை எங்கள் மருந்தகத்து வேப்பமரத்தடியில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. கமர்நிஷா சிஸ்டர். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் காசநோய்ப் பிரிவில் வேலை. வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுத்து, முழுங்குகிற வரைக்கும் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறவர். அவருக்குப் பயந்தே பல பேருக்குச் சீக்கிரம் குணமானது.

"டாக்டர் சார், உங்க வீட்டு ஆளு ஒருத்தர் எங்க வீட்டுக்கு வந்திருக்காரு" என்றார்.

விஷயம் இதுதான். மம்சாபுரத்தில் சுப்புராஜ் என்று ஒருவர். நாற்பது வயது. கழுத்தில் நெறி கட்டி, காசநோய் என்று மாத்திரை சாப்பிட்டுச் சரியானார். ஒரு வருஷத்தில் மறுபடியும் கட்டி. கட்டியிலிருந்து எடுத்துப் பெரிய லேபுக்கு அனுப்பியதில், இது மனிதர்களிடம் வழக்கமாக வருகிற கிருமி இல்லை, மாட்டிடமிருந்து வருகிற வகை என்று எழுதி வந்திருக்கிறது.

"எத்தனை மாடு வச்சிருக்காரு?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் கெடையாது சார். ஆனா அந்தத் தெருவுல இருக்குற அம்புட்டு மாட்டையும் அவருதான் கறக்காரு."

அங்கேதான் எங்களுக்கு விளங்கியது. சுப்புராஜ் கூலிக்கு மாடு கறப்பவர். விடியுமுன்னே ஒரு வீட்டில் தொடங்கி அடுத்தடுத்த வீடாகப் போவார். அவருக்கு ஒரு வழக்கம். எந்த மாட்டிலும் முதல் பீய்ச்சல் பாத்திரத்துக்குப் போகாது. அவர் உள்ளங்கைக்கு வந்து, அங்கிருந்து வாய்க்குப் போகும். உப்புக் கரித்தால் மடியில் நோய் என்று அங்கேயே சொல்லிவிடுவார். தெருவுக்கே அது பெருமை. ஆக, அவருக்கு நோயைக் கொடுத்தது அந்தத் தெருவில் எந்த மாடாகவும் இருக்கலாம்.

மறுநாள் சிஸ்டர் எங்களைச் சுப்புராஜ் வீட்டுக்குக் கூட்டிப் போனார். கழுத்தைச் சுற்றித் துண்டு. அந்தப் புழுக்கத்திலும் எடுக்கவில்லை.

"காய்ச்சிக் குடிங்கன்னு நூறு தடவை சொல்லியாச்சு" என்றார் சிஸ்டர்.

"காய்ச்சுன பாலு செத்த பாலு சிஸ்டரு" என்றார் சுப்புராஜ். "உசுரு எல்லாம் ஆவியா போயிருதுல்லா. அதைக் குடிச்சி என்ன பிரயோசனம்?"

நான் நைசாகப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். டாக்டர் பார்த்துவிட்டார். மூடினேன்.

தெரு மாடுகளை எல்லாம் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் சுப்புராஜின் முகம் மாறியது. "சோதிங்கய்யா. ஆனா எம் பேரு வெளிய வரப்புடாது. எனக்கு இந்தச் சீக்குன்னு தெரிஞ்சா ஒரு வீட்டுலயும் தொழுவத்துக்குள்ள விடமாட்டாவ. கறக்குறதைத் தவிர எனக்கு ஒரு எழவும் தெரியாதுய்யா."

மூன்று பேரும் வாக்குக் கொடுத்தோம். திங்கட்கிழமை சோதனை, வியாழக்கிழமை அளவு என்று முடிவாயிற்று. மாடு பிடிக்க சுப்புராஜே வருவதாகச் சொன்னார். அவரைக் கண்டால் மாடுகள் அசையாமல் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான் மம்சாபுரம் டீக்கடையில் போய் உட்கார்ந்து நாளைக்கு மாடுகளைக் கொண்டுவரச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. அந்தத் தெருவில் பாக்கியத்தாய் என்றொரு அம்மா. ஒரு செவலை மாடு, பெயர் கோமளம். அவர் சொன்னதுதான் ஊர்ச் சொல்.

"நோவு இல்லாத மாட்டுக்கு என்னத்துக்குய்யா ஊசி? ஒமக்குச் சும்மா இருக்கப் பொழுது போகலைன்னா வீட்டம்மாவுக்குக் காய் நறுக்கிக் குடும்" என்றார். கடையே சிரித்தது.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அக்கா, அப்படிச் சொல்லாதிய. ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா கடைக்காரவிய இனிமே கழுத்துல சதுரம் போட்ட மாட்டுப் பாலைத்தான் வாங்கப் போறாவளாம். பொறவு என்னைச் சொல்லப்புடாது."

முழுப் பொய். பால்கோவாவுக்குப் பால் மணிக்கணக்கில் அடுப்பில் கொதிக்கிறது. எந்தக் கிருமியும் அதில் பிழைக்காது. கடைக்காரர்கள் யாரும் சதுரம் கேட்கவும் இல்லை. ஆனால் பொய் நன்றாக வேலை செய்தது. திங்கட்கிழமை காலை முப்பதுக்கும் மேல் மாடுகள் வந்துவிட்டன. முதலில் வந்ததே கோமளம். நான் மழித்தேன், டாக்டர் அளந்தார், ஊசி போட்டார், எல்லா மாடுகளுக்கும் நன்றி சொன்னார். மதியத்துக்குள் முடிந்தது. "பரவால்லலே, கூட்டத்தைச் சேத்துட்ட" என்று டாக்டர் என்னைப் பாராட்டினார். நான் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை ஜீப் தெருமுனையில் திரும்பியதும் டிரைவர் பிரேக் போட்டார்.

தெரு முழுக்க மாடு. திங்கட்கிழமை வந்ததைப் போல இரண்டு பங்கு. அத்தனை கழுத்திலும் சதுரம். பசுவுக்குச் சதுரம், எருமைக்குச் சதுரம், பிறந்து பத்து நாளான கன்றுக்குட்டிக்குச் சதுரம். உழவு மாடு ஒன்றுக்கு இரண்டு பக்கமும். வ. புதுப்பட்டிக்குப் போன உறவுக்காரர் ஒருவர் அங்கேயும் சொல்லி, அங்கிருந்து ஒரு லோடு ஆட்டோவில் நாலு மாடு வந்து இறங்கியிருந்தது. ஒரு கிடா ஆட்டுக்குக்கூட சின்னதாக ஒன்று போட்டிருந்தார்கள். "இது எதுக்குய்யா?" என்று கேட்டேன். "கெடந்துட்டுப் போகுது, பின்னால ஒதவும்" என்றார் அதன் சொந்தக்காரர்.

டாக்டர் ஜீப்பிலிருந்து மெதுவாக இறங்கினார். சுற்றிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வேலுச்சாமி, இங்க வாங்க" என்றார்.

இருபது வருஷத்தில் அவர் என்னை 'வாங்க' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"நீங்க ஞாயித்துக்கெழமை டீக்கடையில என்ன பேசுனீங்க?"

சொன்னேன்.

"நல்லது. இப்ப நம்ம ஊசி போட்ட மாடு எது, பிளேடு மட்டும் போட்ட மாடு எதுன்னு உங்க பதிவேட்டைப் பாத்துச் சொல்லுங்க."

பதிவேட்டைத் திறந்தேன். 'செவலை, கழுத்தில் சதுரம்.' அடுத்தது, 'செவலை, கழுத்தில் சதுரம்.' அதற்கடுத்தது, 'கருப்பு, சதுரம்.' கடைசிப் பக்கத்தில் மட்டும் எல்லாம் தெளிவாக இருந்தது.

வேறு வழியில்லை. அத்தனை கழுத்தையும் அளந்தோம். கிடா உட்பட. டாக்டர் அளவைச் சொல்ல, நான் எழுத, சுப்புராஜ் கொம்பைப் பிடிக்க, சிஸ்டர் தன் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு. எட்டு. ஏழு. எட்டரை. வெயில் ஏறிக்கொண்டே போனது.

வரிசையின் பாதியில் ஒரு செவலையிடம் டாக்டரின் கை நின்றுவிட்டது. நண்டு அளவுகோலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "பதினாறு" என்றார், மிகவும் மெதுவாக. சதுரத்தின் நடுவில் நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம்.

"இது யாரு வீட்டு மாடு?"

நிமிர்ந்து பார்த்தால் கயிறு தரையில் கிடக்கிறது. டாக்டரின் முகம் மாறியதைப் பார்த்ததுமே, மாட்டைக் கொண்டுவந்து கயிற்றைப் பிடித்திருந்த கை அதை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிற கூட்டத்தோடு சேர்ந்துவிட்டது.

"யாரு மாடும்மா இது?"

"எங்க வீட்டுது இல்ல."

"எங்களது இதைவிடக் கொஞ்சம் வெளுப்பு."

"புதுப்பட்டி ஆட்டோவுல வந்ததா இருக்கும்."

"ஏய், எங்க மாட்டைச் சொன்ன, பாத்துக்கோ!"

பாக்கியத்தாயும் கூட்டத்தில் நின்று, "யாரு மாடோ, பாவம்" என்று உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் செவலை மட்டும் பத்துப் பன்னிரண்டு இருக்கும். எல்லாம் ஒரே சாயல். முகம் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவிழ்த்துவிட்டால் இன்றைக்கும் ஏதோ ஒரு தொழுவத்துக்குத்தான் போகும், நாளைக்கும் கறக்கப்படும், அந்த வீட்டுப் பிள்ளைகளும் குடிப்பார்கள்.

சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர். சுப்புராஜுக்கு அந்தத் தெருவில் ஒவ்வொரு மடியும் கண்ணை மூடினாலும் தெரியும். நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். ஒரு வீட்டைக் காட்டிக்கொடுத்தால் எல்லா வீடும் போய்விடும். துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்.

டாக்டர் அந்த மாட்டின் காதருகே குனிந்தார். "அம்மா, நீங்களே போய் உங்க வீட்டைக் காமிச்சிருங்க" என்றார். கழுத்தைத் தட்டி வழிவிட்டார்.

மாடு இரண்டடி எடுத்து வைத்தது. எந்த வீட்டுப் பக்கமும் திரும்பவில்லை. நேராக சுப்புராஜிடம் போனது. காலையில் சோதனை என்பதால் அன்றைக்கு யாரும் கறக்கவில்லை. மடி கனத்துக் கிடந்தது. கறக்கிற ஆளைக் கண்டதும் அதற்குப் பால் சுரந்து, நின்ற இடத்திலேயே காம்பிலிருந்து சொட்டியது. சுப்புராஜ் பின்னால் நகர்ந்தார். மாடும் நகர்ந்தது. அவர் கழுத்து வியர்வையின் உப்பு வாசம் அதற்குப் பழக்கம் போலிருக்கிறது. நாக்கை நீட்டித் துண்டோடு சேர்த்து ஒரு நக்கு நக்கியது. மறு நக்கில் துண்டு வாய்க்குப் போய்விட்டது. மென்றுகொண்டே நின்றது.

சுப்புராஜின் கழுத்து எல்லாருக்கும் தெரிந்தது. இடது பக்கம், நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று, அதன் கீழே இன்னொன்று. மாட்டுக்கு இருந்த அதே இடம்.

கிடா கத்தியது.

"அவன் எங்க வீட்டுலயும்லா கறக்கான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இரண்டு பேர் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். சுப்புராஜ் கையால் கழுத்தை மூடிக்கொண்டார். அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை என்னால்.

கமர்நிஷா சிஸ்டர் ஸ்கூட்டரை விட்டு நடுவில் வந்தார். சுப்புராஜைப் பார்த்தார், கேட்பது போல. அவர் சரி என்று தலையை ஆட்டினார்.

"நல்லாக் கேட்டுக்கோங்க" என்றார் சிஸ்டர். "கழுத்துல கட்டுற இந்தச் சீக்கு ஆளுக்கு ஆளு ஒட்டாது. சளியையும் சோதிச்சாச்சு, அதுல ஒண்ணும் இல்ல. அவிய உங்களுக்கு எதுவும் குடுக்கல. உங்க மாடு பாலு நல்லாருக்கான்னு உங்களுக்காக ருசி பாத்து, அவிய வாங்கிக்கிட்டது இது. தள்ளி நிக்கிறவங்க வேணும்னா நில்லுங்க. ஆனா வீட்டுல பிள்ளைகளுக்குப் பச்சைப் பாலு குடுத்தவங்க மட்டும் எங்கிட்ட வந்து பேரு குடுங்க."

கூட்டத்தை இடித்துக்கொண்டு ஒரு ஆள் வந்தது. பாக்கியத்தாய். மாட்டின் வாயிலிருந்து துண்டைப் பிடுங்கி, உதறி, பிழிந்து, சுப்புராஜின் தோளில் போட்டார்.

"ஏலே சுப்பு, நான் கயித்தை விட்டதை நீ பாத்தேல்லா?"

"பாத்தேன்க்கா."

"பொறவு ஏம்லே சொல்லல?"

"நீங்க சொல்லுவியன்னு நெனச்சேன்."

பாக்கியத்தாய் தரையில் கிடந்த கயிற்றை எடுத்தார். "எம் மாடுதான் ஐயா. பேரு கோமளம்" என்று டாக்டரிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "நீரு எழுதிக்கிடும். இந்தத் தடவை பேரையும் சேத்து எழுதும்."

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோமளத்தை ஊருக்கு வெளியே பாக்கியத்தாயின் தம்பி தோப்பில் தனியாகக் கட்டினார்கள். அதன் பாலை யாரும் எடுக்கவில்லை. தொழுவத்தைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தோம். பாக்கியத்தாய்க்கு அது பெரிய அடிதான்; என்னைப் பார்க்கும்போதெல்லாம் திட்டுவார், திட்டி முடித்ததும் மோர் கொடுப்பார், காய்ச்சிய பாலில் உறைய வைத்த மோர் என்று சொல்லிக் கொடுப்பார். தெருவில் இரண்டு பிள்ளைகளுக்குக் கழுத்தில் நெறி தொடங்கியிருந்தது. சிஸ்டர் நேரத்தோடு பிடித்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மாத்திரை முழுங்கிச் சரியானார்கள்.

சுப்புராஜை இரண்டு வீட்டில் நிறுத்தினார்கள். ஒரு மாதம் வேறு ஆளை வைத்துப் பார்த்தார்கள். மாடு அந்த ஆளுக்குப் பால் விடவில்லை. திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். முதல் பீய்ச்சலுக்கு டாக்டர் அவருக்கு ஒரு கிண்ணம் கொடுத்தார், மேலே கருப்புத் துணி கட்டியது. அதில் பீய்ச்சினால் பால் திரிந்திருப்பது கண்ணுக்கே தெரியும், நாக்கு தேவையில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஜீப்பில் ஏறப் பயந்துகொண்டு நான் தெருவோரம் நின்றேன். டாக்டர் முன்சீட்டிலிருந்து தலையை நீட்டினார்.

"ஏலே, என்னலே நிக்க? ஏறித் தொலைலே. ஒன் வாய்க்கு ஒரு மூக்கணாங்கயிறு வாங்கணும், கடை பூட்டிருவான்."

எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

போன மாதக் கூட்டத்துக்கு சுப்புராஜையும் கூட்டிப் போயிருந்தேன். கடைசி வரிசையில், கட்டி கரைந்த கழுத்தில் துண்டைச் சுற்றாமல் மடியில் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னிடம் மைக்கை வாங்கிய பிறகு டீ வந்தது. அவர் தம்ளரை வாங்கியதும், "தம்பி, பாலு நல்லாக் கொதிச்சுதா?" என்று கேட்டார். டாக்டர் பொண்ணு சிரித்துவிட்டார்.

"முன்னாடி, காய்ச்சுன பாலு செத்த பாலுன்னு சொல்லுவீங்களாமே?"

சுப்புராஜ் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பாலு செத்தா என்ன தாயி," என்றார், "நான் இருக்கேம்லா."